ஓட்டைக் காலணா

உங்கள் வீட்டிலும் ஒரு டப்பா இருக்கும்.

பழைய பவுடர் டப்பாவாக இருக்கலாம். மூடி தொலைந்துபோன ஹார்லிக்ஸ் பாட்டிலாக இருக்கலாம். பாட்டியின் சுருக்குப் பையாகவே கூட இருக்கலாம். உள்ளே செல்லாத காசுகள். தாமரைப் பூ போட்ட மஞ்சள் இருபது பைசா, விளிம்பில் அலை அலையாக வளைந்த பத்து பைசா, ஆறு மூலை மூணு பைசா, ஊதினால் பறந்துவிடும் போலிருக்கிற ஒரு பைசா. வீடு மாறும்போது ஆட்டுக்கல்லைக்கூட விட்டுவிட்டு வந்திருப்பீர்கள். அந்த டப்பா மட்டும் கூடவே வந்திருக்கும்.

என்றைக்காவது ஒரு ஞாயிற்றுக்கிழமை அதைத் தரையில் கொட்டி வைத்துக்கொண்டு, ''இதெல்லாம் இப்ப வித்தா என்ன கிடைக்கும்?'' என்று கேட்டிருப்பீர்கள். கேட்கவில்லை என்று சொன்னால் நான் நம்ப மாட்டேன். ஏனென்றால், அந்தக் கேள்வியோடு வருகிறவர்களைத்தான் வருஷா வருஷம் கோயமுத்தூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் நான் சந்திக்கிறேன். நாணயக் கண்காட்சி.

எனக்குக் காசு சேர்க்கிற பைத்தியம். பிழைப்புக்கு வங்கியில் கேஷியர் வேலை. 2014-ல் ரிட்டையர் ஆகும்வரை கேஷ் கவுன்ட்டரில்தான் வாழ்க்கை. என் மனைவி சொல்வாள்: ''பகலெல்லாம் ஊரான் காசை எண்றது, ராத்திரி செல்லாக் காசை எண்றது. நம்ம காசை எப்பத்தான் எண்ணுவீங்க?''

நியாயமான கேள்வி. இன்றுவரை பதில் சொல்லவில்லை.

பைத்தியம் பிடித்த கதை சின்னது. எங்களுக்குப் பூர்வீகம் புதுக்கோட்டை. சமஸ்தானத்துக்கென்று தனியாக ஒரு காசு இருந்தது... அம்மன் காசு. சுண்டுவிரல் நகத்தளவு செம்பு. ஒரு பக்கம் பிரகதாம்பாள் உட்கார்ந்திருப்பாள். மறுபக்கம் தெலுங்கு எழுத்தில் 'விஜய' என்று இருக்கும். நவராத்திரி தானத்தில் அரிசியோடு இந்தக் காசும் கொடுப்பது அரண்மனை வழக்கம். என் பாட்டியிடம் நாலு அம்மன் காசு இருந்தது. ''எங்கப்பா வாங்கிட்டு வந்தது'' என்று அதை மஞ்சள் துணியில் முடிந்து வைத்திருந்தாள். எனக்கு எட்டு வயசானபோது ஒன்றை எடுத்துக் கொடுத்து, ''தொலைச்சிடாதே'' என்றாள். தொலைக்கவில்லை. அதோடு சேர்த்து வைக்க இன்னொன்று, அப்புறம் இன்னொன்று என்று போய்க்கொண்டே இருக்கிறது.

கண்காட்சிக்கு நீங்கள் வந்ததில்லை என்றால் ஒரு தடவை வந்து பாருங்கள். நுழைவு பெரும்பாலும் இலவசம்தான். நேற்று தாலி கட்டின மேடையில் இன்றைக்கு ஏலம் நடக்கும். சாப்பாட்டு மேஜைகளை வரிசையாகப் போட்டு நீலத் துணி விரித்திருப்பார்கள். ஒவ்வொரு மேஜைக்குப் பின்னாலும் ஒரு வியாபாரி. கொல்கத்தாவிலிருந்தும் மும்பையிலிருந்தும் ரயிலேறி வந்தவர்கள் உண்டு. சேலத்துக்காரர், மதுரைக்காரர் உண்டு. எல்லார் மேஜையிலும் பூதக்கண்ணாடி, கிராம் கணக்கில் எடை போடுகிற குட்டித் தராசு, ஒரு காந்தம்.

காந்தம் எதற்கு? புலி போட்ட 1947-ஆம் வருஷத்து ஒரு ரூபாயை வெள்ளி என்று நினைத்துக்கொண்டு வருகிறவர்கள் நிறைய. காந்தத்தைக் கிட்டே கொண்டுபோனால் டக்கென்று ஒட்டிக்கொள்ளும். அது நிக்கல். வெள்ளி ஒட்டாது.

பெரிய மேஜைகளில் மன்னர்கள் இருப்பார்கள். தேய்ந்தது பரவாயில்லை என்றால், சினிமாவுக்குப் போகிற செலவில் ராஜராஜ சோழனின் செப்புக் காசு ஒன்றை வாங்கிவிடலாம். நாகரி எழுத்தில் ஸ்ரீ ராஜராஜ என்று போட்டிருக்கும். தரங்கம்பாடியில் டென்மார்க்காரர்கள் விட்ட காசு, ஒரு பக்கம் பிரெஞ்சுக்காரர்களின் லில்லிப் பூவும் மறுபக்கம் தமிழிலேயே 'புதுச்சேரி' என்று எழுத்தும் போட்ட செப்புக் காசு... எல்லாம் கையில் எடுத்துப் பார்க்கலாம். மியூசியத்தில் கண்ணாடிக்குப் பின்னால் இருப்பது இங்கே உள்ளங்கையில் வரும். விளிம்பைப் பிடித்துத் தூக்க வேண்டும். முகத்தில் விரல் படக்கூடாது. அது ஒன்றுதான் நிபந்தனை.

ஆனால், எனக்குப் பிடித்த இடம் மூலையில் இருக்கிற ப்ளாஸ்டிக் கூடைதான். 'எதை எடுத்தாலும் பத்து ரூபாய்'. அதைச் சுற்றிப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் குந்தியிருப்பார்கள். நானும் நடுவில் குந்துவேன். அறுபது வயசுக்கு மேல் எழுந்திருப்பதுதான் சிரமம்.

சின்னப் பிள்ளைகளுக்கு ஒரு வித்தை சொல்லிக் கொடுப்பேன். உங்களுக்கும் சொல்கிறேன். பாக்கெட்டிலிருக்கிற ஒரு ரூபாயை எடுத்து, வருஷம் போட்டிருக்கிற இடத்துக்குக் கீழே உற்றுப் பாருங்கள். டைமன் குறி இருந்தால் மும்பையில் அடித்தது. நட்சத்திரம் என்றால் ஹைதராபாத். சின்னப் புள்ளி என்றால் நொய்டா. ஒன்றுமே இல்லையென்றால் கொல்கத்தா. இவ்வளவு நாள் சில்லறையாகத் தெரிந்த காசு இப்போது எந்த ஊர்க்காரன் என்று சொல்கிறது, இல்லையா? இதைத் தெரிந்துகொண்ட பையன் அதற்கப்புறம் காசைத் திருப்பிப் பார்க்காமல் கடையில் கொடுக்க மாட்டான்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். தயவுசெய்து பழைய காசைத் தேய்த்துக் கழுவாதீர்கள். ஆரம்ப காலத்தில் ஒரு விக்டோரியா காலணாவைப் புளியும் சாம்பலும் போட்டுப் பளபளவென்று தேய்த்து, பெருமையாக ஒரு பெரியவரிடம் காட்டினேன். அவர் வாங்கிப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார்: ''அழுக்குன்னு நெனச்சுட்டீங்களா தம்பி? அது அழுக்கு இல்லீங்க, வயசு.'' நூறு வருஷமாகச் செம்பின் மேல் தானாகப் படிந்த அந்தக் காப்பி நிறம்தான் காசுக்கு மதிப்பே. தேய்த்தால் விலை பாதிக்கும் கீழே போய்விடும்.

சரி, நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன். இத்தனை நேரம் சுற்றி வளைத்ததே அதைச் சொல்லக் கூச்சப்பட்டுத்தான்.

2007. ஆடி மாதம். இரண்டாவது நாள் சாயங்காலம். வியாபாரிகள் கடையைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். மண்டபத்து வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். தூண் பக்கத்தில் ஒருவர் ரொம்ப நேரமாக நின்றுகொண்டிருந்தார். ஐம்பது வயசு இருக்கும். வெளுத்த கட்டம் போட்ட சட்டை. கையில் ஒரு பொட்டலம். நாலைந்து பேரைப் பார்த்துவிட்டு, என் முகம் தோதாகத் தெரிந்திருக்கும் போல... பக்கத்தில் வந்தார்.

''ஏனுங்க சார், நீங்க காசு வாங்கறவருங்களா?''

''வியாபாரி இல்லீங்க. சேர்க்கிறவன்.''

''அப்ப நல்லாத் தெரியுமுங்க. இதை ஒருக்கா பாத்துச் சொல்றீங்களா?''

பொட்டலத்தைப் பிரித்தார். நீங்கள் இப்போது கையில் வைத்திருக்கிறீர்களே, இதே பத்திரிகையின் ஒரு தாள். அதற்குள் ஏழு வெள்ளி ரூபாய். ஒரு விக்டோரியா, தலையில் கிரீடம் இல்லாத எட்வர்ட் இரண்டு, மீதி நாலும் ஐந்தாம் ஜார்ஜ்.

''எங்கப்பன் வெச்சிருந்ததுங்க. பாப்பாவுக்கு நர்சிங் காலேஜ்ல எடம் கெடைச்சிருக்குது. நாளைக்குத் திங்கக்கெழமை பணம் கட்டோணும். மில்லு மூடுனதுல இருந்து கையில ஒண்ணும் நிக்கறதில்லைங்க. அடகுக் கடையில காசுக்கு நூத்தியெம்பது தர்றேன்னாங்க. இங்கெ வந்தா கூடக் கெடைக்கும்னு சொன்னாங்க.''

ஒவ்வொன்றாக விளிம்பைப் பிடித்துத் திருப்பினேன். நாலாவது ஜார்ஜில் கை நின்றுவிட்டது. வருஷம் 1911.

இதைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டும். ஐந்தாம் ஜார்ஜ் பட்டத்துக்கு வந்ததும் 1911-ல் புது ரூபாய் அடித்தார்கள். ராஜாவின் அங்கியில், சங்கிலிப் பதக்கத்தில், சின்னதாக ஒரு யானை. செதுக்கியவர் தும்பிக்கையைக் குட்டையாகச் செதுக்கிவிட்டார். பார்க்கிறவர்கள் கண்ணுக்கு அது யானையாகத் தெரியவில்லை, பன்றியாகத் தெரிந்தது! 'காசில் பன்றியா?' என்று முஸ்லிம் மக்களிடையே பெரிய கொந்தளிப்பு. சர்க்கார் பயந்துபோய் காசைத் திரும்ப வாங்கியது. 1912-ல் காதும் தும்பிக்கையும் தெளிவாகத் தெரிகிற மாதிரி திருத்திப் புதிதாக அடித்தார்கள். சுமார் 94 லட்சம் அடித்ததில் 7 லட்சம்தான் வெளியே போனது என்று கேட்லாக்குகளில் கணக்கு இருக்கிறது. மீதி உருகிவிட்டது. 'பன்றி ரூபாய்' என்றால் சேகரிப்பவனுக்குக் கண் விரியும். வெள்ளி விலையைப் போலப் பத்து மடங்கு அன்றைக்கே கிடைத்திருக்கும்.

பத்து வருஷமாக நான் தேடிக்கொண்டிருந்த காசு அது. அவர் உள்ளங்கையில் கிடந்தது.

அவர் கேட்டார்: ''இதுல ஏதாச்சும் விசேசமானது இருக்குதுங்களா?''

நான் சொன்னேன்: ''இல்லீங்க. எல்லாம் ஒரே ரகம்தான். வெள்ளிக்குத்தான் விலை.''

எவ்வளவு சுலபமாக வந்தது, தெரியுமா? குரல்கூட நடுங்கவில்லை.

காசுக்கு 250 போட்டு 1,750 ரூபாய் கொடுத்தேன். அடகுக் கடையைவிட எழுபது ரூபாய் கூட. அவர் முகம் மலர்ந்துவிட்டது. இரண்டு தடவை எண்ணிச் சட்டைப் பைக்குள் வைத்தார். ''இன்னும் ஒரு ரெண்டாயிரம் கொறையுதுங்க. எங்கியாச்சும் பொரட்டிப் போடலாம். நீங்க நல்லா இருக்கோணும் சார்'' என்றார்.

இரண்டாயிரம். அந்த ஒற்றைக் காசின் விலையே அவ்வளவு வரும்.

கிளம்பியவர் நாலடி போய்த் திரும்பி வந்தார். பாக்கெட்டைத் துழாவி ஒரு ஓட்டைக் காலணாவை எடுத்தார். இரண்டாம் உலகப் போர் நேரத்தில் உலோகத்தை மிச்சம் பிடிக்க நடுவில் துளை போட்டு அடித்தார்களே, 1943-லிருந்து 1947 வரை... அந்தக் காசு.

''இதுக்கு வெலை ஒண்ணும் வேண்டாமுங்க. ஊட்ல சின்னப் பசங்க இருந்தா அரணாக்கயித்துல கோத்து உடுங்க. சும்மா வெச்சுக்குங்க.''

கொடுத்துவிட்டுப் போய்விட்டார். பேர்கூடக் கேட்டுக்கொள்ளவில்லை.

அன்று ராத்திரி மனைவியிடம் பன்றி ரூபாயைக் காட்டி, கதை முழுக்கச் சொன்னேன். பிரமாதமாக ஏதோ சாதித்த மாதிரி. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, ''அவருக்கு இது தெரியுமா?'' என்றாள்.

''தெரிஞ்சா எப்படிக் குடுப்பாரு?''

அவள் ஒன்றும் பேசவில்லை. சாப்பாட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

மறுநாள் திங்கட்கிழமை. சாயங்காலம் கேஷ் கட்டும்போது நூறு ரூபாய் கூடுதலாக இருந்தது. எங்கள் வங்கியில் இதற்கு ஒரு முறை உண்டு. கேஷில் குறைந்தால் கேஷியர் கைக்காசு போட வேண்டும். கூடினால் அது கேஷியருடையது இல்லை. 'சன்ட்ரி' என்று ஒரு கணக்கில் வரவு வைத்துவிட வேண்டும். ஆள் வந்து கேட்டால், சரிபார்த்து, வவுச்சரில் கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுக்க வேண்டும். அன்றைக்கு நான் உட்கார்ந்து சலான் சலானாகப் புரட்டி, அந்த நூறு ரூபாய் யாருடையது என்று கண்டுபிடிக்க ஒரு மணி நேரம் செலவழித்தேன். கண்டுபிடித்தும்விட்டேன். ஒரு பேக்கரிக்காரர். போன் போட்டுச் சொன்னதும் அவர், ''சார், உங்கள மாதிரி நாணயமான ஆளைப் பாக்க முடியாதுங்க'' என்றார்.

ரிசீவரை வைத்த கை அப்படியே நின்றுவிட்டது. நேற்று அந்த மனிதரும் என்னை அப்படித்தானே நினைத்திருப்பார்? தமிழில் காசுக்கும் நாணயம்தான், நேர்மைக்கும் நாணயம்தான். ஒன்றைச் சேர்க்கப் போய் இன்னொன்றைத் தொலைத்துவிட்டு வந்திருந்தேன்.

எங்கள் வட்டாரத்தில் இதைக் கேட்டால் சிரிப்பார்கள். ''கண்ணு இருக்கறவன் கண்டுபிடிக்கிறான், இதுல என்ன தப்பு?'' என்பார்கள். சேகரிப்பவர்கள் நாலு பேர் சேர்ந்தால், அடிமாட்டு விலைக்கு அரிய காசு வாங்கின கதைதான் ஓடும். நானும் யோசித்துப் பார்த்தேன். வியாபாரியின் பத்து ரூபாய்க் கூடையில் எனக்கு ஒரு நல்ல காசு அகப்பட்டால் அது என் அதிர்ஷ்டம். காசைத் தெரிந்துவைத்திருப்பது அவர் தொழில், தவறவிட்டது அவர் பாடு. ஆனால், இவர் வியாபாரி இல்லை. தெரியாது என்று சொல்லி, என்னிடம் கேட்டார். கேட்டவரிடம் நான் பொய் சொன்னேன். வித்தியாசம் அந்த ஒரு வார்த்தையில் இருக்கிறது.

அந்த வாரமே தேட ஆரம்பித்தேன். மண்டபத்து வாட்ச்மேனைக் கேட்டேன். டீக்கடையில் கேட்டேன். மூடின மில் என்றால் கோயமுத்தூரில் ஒன்றா இரண்டா? நர்சிங் காலேஜும் அப்படித்தான். பேர் தெரியாது, ஊர் தெரியாது. அடுத்த வருஷம் கண்காட்சியில் இரண்டு நாளும் வாசலைப் பார்த்தபடியே நின்றேன். அதற்கடுத்த வருஷமும். அவர் வரவில்லை. ஏன் வர வேண்டும்? விற்பதற்கு அவரிடம் இனி என்ன இருக்கிறது?

மற்ற ஆறு ரூபாயும் என் ஆல்பத்தில் இருக்கின்றன. பன்றி ரூபாயை மட்டும் ஆல்பத்தில் வைக்க மனசு வரவில்லை. விற்கவும் இல்லை. ஓட்டைக் காலணாவையும் அதையும் ஒரே காகித உறையில் போட்டு, மேலே 'சன்ட்ரி' என்று எழுதித் தேதி போட்டு பீரோவில் வைத்திருக்கிறேன்.

நின்று நின்று பார்த்ததில் ஒரு வேலை வந்து சேர்ந்தது. வாசல் பக்கம்தானே நிற்கிறேன், உள்ளே நுழைகிறவர்கள் என்னிடமே டப்பாவைத் திறந்து காட்ட ஆரம்பித்தார்கள். கண்காட்சி நடத்துகிற சங்கத்துக்காரர்கள் ஒரு மேஜையே போட்டுக் கொடுத்துவிட்டார்கள். 'உங்கள் நாணயங்களை இலவசமாகப் பரிசோதித்துக்கொள்ளலாம்' என்று பேனர். அதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு உள்ளுக்குள் ஒரு மாதிரி இருக்கும்.

அந்த மேஜையில் உட்கார்ந்தால் தெரியும், ஜனங்கள் எவ்வளவு நம்பிக்கையோடு வருகிறார்கள் என்று. ராமர், லட்சுமணர், சீதை போட்டு 'ஈஸ்ட் இண்டியா கம்பெனி 1818' என்று எழுதிய காசைப் பட்டுத் துணியில் சுற்றிக்கொண்டு வருவார்கள். கம்பெனி அப்படி ஒரு காசு அடித்ததே கிடையாது. பிற்காலத்தில் யாரோ செய்து விற்ற டோக்கன். ''அரிசியை இழுக்குமாமே சார்?'' என்று காதோடு கேட்பவர்களும் உண்டு. இழுக்காது. இழுப்பதெல்லாம் உங்கள் பணத்தைத்தான்.

மூணு வருஷம் முன்பு ஒரு அம்மா வந்தார். வைஷ்ணவி தேவி படம் போட்ட 5 ரூபாய் காசு. 2012-ல் வெளியானது. வீடியோவில் யாரோ இதற்கு 5 லட்சம் என்று சொல்லியிருக்கிறார்கள். போனில் பேசினவன், 'ரிசர்வ் பேங்க் பதிவுக் கட்டணம்' என்று முதலில் 3,000 ரூபாய் வாங்கிக்கொண்டு நம்பரை மாற்றிவிட்டான். இந்த மாதிரி ஏமாற வேண்டாம், பழைய காசு வாங்க விற்க நாங்கள் கமிஷன் எதுவும் வாங்குவதில்லை, யாருக்கும் அனுமதியும் தரவில்லை என்று ரிசர்வ் வங்கியே 2021 ஆகஸ்ட்டில் அறிவிப்பு கொடுத்தது. அந்த அம்மாவுக்கு அது எட்டவில்லை. ''அப்ப இது எவ்வளவு சார் போகும்?'' என்றார். ''அம்மா, கடையில குடுத்தா அஞ்சு ரூபாய்க்குப் பால் பாக்கெட்ல கழிச்சுக்குவாங்க'' என்றேன். சேகரிப்பவர்கள் வாங்கினாலும் கொஞ்சம்தான் கூடக் கிடைக்கும். அவர் அழவில்லை. முந்தானையில் காசைத் திரும்ப முடிந்துகொண்டு, ''நெசத்தைச் சொன்னீங்களே, அது போதும்'' என்றார்.

நம்பிக்கையை உடைப்பது சிரமமான வேலைதான். ஆனாலும் செய்கிறேன்.

இன்னொரு பக்கமும் உண்டு. ஒரு காலேஜ் பையன் தாத்தாவின் தகர டப்பாவோடு வந்தான். என் மேஜைக்கு வருவதற்கு முன்பே பக்கத்து மேஜை வியாபாரி மடக்கிவிட்டார். ''எல்லாம் தேஞ்ச செம்பு தம்பி. மொத்தமா முன்னூறு ரூபாய்.'' பையன் தலையாட்டிக்கொண்டிருந்தான். எட்டிப் பார்த்தேன். தேய்ந்த செம்புக்கு நடுவே, தமிழில் 'புதுச்சேரி' என்று எழுதிய காசு பத்துப் பன்னிரண்டு, அவ்வளவாகத் தேயாமல் கிடந்தன.

எங்கள் தொழில் தர்மத்தில், அடுத்தவர் மேஜை வியாபாரத்தில் வாய் வைக்கக் கூடாது. வைத்தேன். ''தம்பி, அவசரப்படாதே. நாலு பேர்கிட்ட காட்டிட்டு அப்புறம் குடு'' என்றேன். பையன் டப்பாவை மூடினான். வியாபாரி என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! அதற்கப்புறம் இரண்டு வருஷம் அவர் என்னிடம் பேசவில்லை. எனக்கு வேண்டிய காசு அவரிடம் இருந்தது, காட்டக்கூட இல்லை. போன வருஷம்தான், ஒரு பெரியம்மாவைக் கையைப் பிடித்து என் மேஜைக்குக் கூட்டிவந்து, ''அண்ணே, நீங்களே பார்த்து ஒரு விலை சொல்லிடுங்க. அந்த விலைக்கு நான் எடுத்துக்கறேன்'' என்றார். நான் சொன்ன விலையைக் கொடுத்தும்விட்டார். டீயும் வாங்கிக் கொடுத்தார்.

கடைக்காரர் பத்து ரூபாய் நாணயத்தை வாங்க மாட்டேன் என்றதும், ''செல்லும்னு 2018-லயே ரிசர்வ் பேங்க் திரும்பச் சொல்லியாச்சு'' என்று அவரோடு நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து சண்டை போட்டது தனிக் கதை.

இதையெல்லாம் செய்தால் 2007-க்குக் கணக்கு நேராகிவிடுமா என்று கேட்டால், ஆகாது. கேஷியருக்குத் தெரியும். ஒருத்தர் கணக்கில் குறைந்ததை இன்னொருத்தர் கணக்கில் வரவு வைத்து நேர் செய்ய முடியாது.

அதனால்தான் இந்த வாரம் இதை எழுதுகிறேன். பொட்டலம் கட்ட இந்தப் பத்திரிகைத் தாளைத்தானே எடுத்திருந்தீர்கள்? அப்படியென்றால் வீட்டில் வாங்குகிற வழக்கம் இருந்திருக்க வேண்டும். இன்னமும் வாங்குகிறீர்கள் என்று நம்பி எழுதுகிறேன்.

ஐயா, 2007 ஆடி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோயமுத்தூர் கல்யாண மண்டபத்து வாசலில் ஏழு வெள்ளி ரூபாய் விற்றது நீங்கள் என்றால், அதில் ஒன்று உங்களுடையது. அது சாதா ரூபாய் இல்லை. நான் பொய் சொன்னேன். பத்திரிகை ஆபீஸுக்கு ஒரு கார்டு போடுங்கள். நானே வந்து தருகிறேன். தாளைச் சுற்றி எதனால் கட்டியிருந்தீர்கள் என்று மட்டும் எழுதுங்கள். அதை நான் இங்கே சொல்லவில்லை. பழைய கேஷியர் புத்தி, மன்னித்துக்கொள்ளுங்கள்.

காலணாவைத் திருப்பித் தர மாட்டேன். அது நீங்கள் சும்மா கொடுத்தது.

இன்னும் ஒன்றே ஒன்று மட்டும் தெரிந்துகொள்ள வேண்டும். அந்தத் திங்கட்கிழமை... பாப்பாவுக்குப் பணம் முழுக்கக் கட்ட முடிந்ததா?